முன்சீட்டுப் பாரம்

"வண்டியில எத்தனை பேரு போறீங்க?"

இதெல்லாம் ஒரு கேள்வியா? பேசப் பழகும் பிள்ளையைக் கேட்டால்கூட விரலைக் காட்டிச் சொல்லிவிடும். பக்கத்துத் தச்சுப் பட்டறை அண்ணன், தம்பி இரண்டு பேரிடமும் கேட்டேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி என் பட்டறைச் சுவரில் தொங்கிய ஸ்பானர்களை எண்ணிக்கொண்டிருந்தான். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"அது எதுக்கு உனக்கு?" என்றார் அண்ணனான பெரியவர்.

"ஏன், நான் என்ன சோறு வடிக்கவா கேக்குறேன்? மலை ஏத்தம். பின்னாடி டிரெய்லர். எத்தனை ஆளு, எவ்வளவு சாமான்னு தெரிஞ்சாத்தானே ஸ்பிரிங்கு போடுறதா, டயருக்கு எவ்வளவு காத்து அடைக்கிறதுன்னு நான் முடிவு பண்ண முடியும்?"

"கடைசல் மெஷின் ஒண்ணு. அப்புறம் துணிமணி," என்றான் தம்பி.

"மெஷினையும் துணியையும் சொல்லிட்டே. ஆளு?"

"நீ முதல்ல பிரேக்கைப் பாரு மெக்கானிக்கு," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர்களுக்கு வண்டி வேலை பார்ப்பதற்குப் பதில் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

சுவர் என்றதும் சொல்லவேண்டும். என் பட்டறைக்கும் அவர்கள் தச்சுப் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். பட்டறைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு, ஒரு அறையும் ஒரு அடுப்படியும். இத்தனை வருஷமாக அந்தச் சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். கடைசல் மெஷின் கிர்ரென்று சுற்றுவது, பெரியவர் இழைப்புளி தள்ளுவது, மத்தியானம் தட்டு இரண்டு தரையில் வைக்கும் சத்தம். கேட்காதது அவர்கள் பேச்சு மட்டும்தான். ஒரு நாளைக்கு அவர்கள் பேசிக்கொள்வதை எழுதினால் ஒரு தீப்பெட்டிமேல் எழுதி முடித்துவிடலாம். "ஆணி." "இந்தா." "சாப்பிடு." "ம்."

பெரியவர் மேசைக்குப் பலகை இழைத்து மூட்டுச் சேர்ப்பார். தம்பி கடைசல் மெஷினில் மரத்தைச் சுற்றவிட்டு அதற்குக் கால் கடைவான். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு மேசை. செய்து முடித்த சாமானைக் கைவண்டியில் ஏற்றி அவர்களே கொண்டுபோய் இறக்குவார்கள். முன்னால் தம்பி இழுப்பான், பின்னால் அண்ணன் தள்ளுவார். அதனால் தெருவில் அவர்களுக்கு ரெட்டைமாடு என்று பெயர். நேரிலேயே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்பா அம்மா போனபோது தம்பிக்குப் பால்பல்கூட விழவில்லை. அவனை வளர்க்கிறேன் என்று பெரியவர் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டது அப்படியே போயே போய்விட்டது. அண்ணனுக்கு முன்னால் நானா என்று தம்பியும் நின்றுவிட்டான். போன மழைக்குப் பெரியவர் காய்ச்சலில் படுத்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். என் பட்டறையில் நின்ற ஒரு வண்டியும் கிளம்பவில்லை. தம்பி அவரை முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் தண்ணீரிலேயே நடந்தான். அப்போதும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரி பந்தயம் கட்டினாள்.

அப்படிப்பட்ட தம்பி, தலை நரைக்கிற வயதில் மலைமேல் போய் மனசைப் பறிகொடுத்து வந்தான். அங்கே ஒரு அம்மா தங்கும் விடுதி நடத்துகிறாள். புருஷன் இறந்து நாளாகிவிட்டது. விடுதி நாற்காலியெல்லாம் ஆடுகிறது என்று ஆள் கேட்டு அனுப்பினாள். மூன்று நாளில் முடியவேண்டிய வேலைக்குப் போனவன் மூன்று வாரம் கழித்து வந்தான். வந்தவன் சீட்டியடித்துக்கொண்டு வந்தான் பாருங்கள், அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலி ஆட்டம் நின்றிருக்கும், இவன் ஆட ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னேன். பெரியவர் சிரித்தார். அவர்தான் முதலில், "கட்டிக்கோடா. நல்ல பொம்பளையாத்தான் தெரியுது," என்றார்.

தாலி கட்டியாயிற்று, விடுதியை விட்டுவிட்டு அவள் இங்கே வந்து இருக்க முடியாது என்று இவன்தான் மலைமேல் குடிபோகிறான். அதற்காகத்தான் இந்த வண்டி. யாரோ ஓட்டிக் கழித்த சின்ன எஸ்யூவி. பார்க்க ஜீப்பு மாதிரி மிதப்பாக இருக்கும். உள்ளே எஞ்சின் காருக்குப் போடுகிற சின்ன எஞ்சின்தான். முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அதில் டிரெய்லரைக் கட்டிக் கடைசல் மெஷினோடு மலை ஏறவேண்டும். மழை தொடங்கிவிட்டால் மண் சரியும் என்று மலைப்பாதையை மூடிவிடுவார்கள். மழைக்காலம் முழுக்க பஸ், லாரி, டிரெய்லர், வெளியூர் வண்டி ஒன்றையும் விடமாட்டார்கள். அதற்குள் போய்ச் சேரவேண்டும். என் பட்டறை வாசலில் நின்று பார்த்தால் மலை தெரியும். அன்றைக்கே அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. கீழே எங்களுக்குப் புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வேலையை ஆரம்பித்தேன். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற பழைய கூலண்ட்டை இறக்கினால் துருத் தண்ணீராக வந்தது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். கிளட்ச் பிளேட் தேய்ந்து காகிதமாக இருந்தது, மாற்றினேன். டிரெய்லர் மாட்டுகிற கொக்கியைப் பம்பரில் வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுக்கிற புண்ணியவான்கள் உண்டு. முதல் மேட்டில் பம்பர் டிரெய்லரோடு கீழே போகும், கார் மட்டும் மேலே போகும். நான் அடிச்சட்டத்தில் துளை போட்டு, இரண்டு பக்கமும் தகடு கொடுத்து போல்ட் முறுக்கினேன். கொக்கி விட்டாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலி, குறுக்கே மாற்றிப் போட்டேன்.

பெரியவர் தினமும் காலையில் வந்து ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொள்வார். தூக்கில் டீயும் ரொட்டியும் இருக்கும். நான் வேலை செய்வதை வேவு பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

"இறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போகுமாமே?"

"காலை எடுக்காம அமுக்கிக்கிட்டே இறங்கினா சூடேறிப் போகும். ரெண்டாவது கியர்ல போட்டு எஞ்சினையே பிடிக்க விடணும். பிரேக்கை அமுக்கி அமுக்கி விடணும்."

"அவனுக்கு அது சொல்லணும். அவன் யோசனை எங்கேயோ இருக்கும்."

"நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே போங்களேன்."

பெரியவர் ரொட்டியை டீயில் நனைத்தார். நனைத்ததை வாயில் வைக்காமலே வெகுநேரம் பிடித்திருந்தார். அது டம்ளருக்குள் விழுந்துவிட்டது.

"அவன் கூப்பிடலையே," என்றார்.

"கூப்பிட்டாத்தான் போவீங்களா? கூடப்பிறந்தவன்தானே?"

"கூப்பிட்டாப் போவேன். இப்பவே போவேன். கூப்பிடாம எப்படிப் போறது மெக்கானிக்கு? புதுசாக் குடும்பம் நடத்தப் போறான். அவன் பொஞ்சாதி வீடு. நான் போய் மூலையில உக்காந்தா, இது எதுக்கு இங்கேன்னு ஒரு நாளைக்கு அவளுக்குத் தோணாதா? தோணினா அவன் முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?" பிறகு என் கையைப் பிடித்தார். "இதை அவன்கிட்ட சொல்லிடாதே. நான் கேட்டு வாங்கின மாதிரி ஆயிடும். உன் பொண்டாட்டி மேல சத்தியமா சொல்லக்கூடாது."

என் பொண்டாட்டியை எதற்கு இழுக்கவேண்டும்? இழுத்துவிட்டார். எனக்கு வாய் கட்டிப்போயிற்று.

மறுநாள் பிரேக் ஆயில் மாற்றினேன். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். தம்பியை உள்ளே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஆள் முகத்தை ஆள் பார்க்க முடியாது.

"மிதி. பிடிச்சுக்கோ." நட்டைத் திறந்தேன். கறுப்பாக ஆயில் குழாயில் இறங்கியது. "விடு. மிதி. ஏன்டா, அண்ணனை அழைச்சுக்கிட்டுப் போகலையா?"

பெடல் அப்படியே நின்றது.

"மிதிடா."

மிதித்தான். "கூப்பிட்டா வந்துடுவாருண்ணே."

"வந்தா என்ன, வலிக்குதா?"

"அதான் கூப்பிடல. நான் எதைக் கேட்டு அவரு இல்லைன்னாரு? எனக்காகக் கல்யாணம் வேணாம்னாரு. எனக்காக ஒரு ஊருக்கும் போகாம இருந்துட்டாரு. இப்ப வாண்ணேன்னா இந்தப் பட்டறையையும் போட்டுட்டு, பிடிக்குதோ இல்லையோ, பின்னாடியே வந்துடுவாரு. அங்கே குளிரு. அவரு நெஞ்சுக்கு ஆகுமோ என்னமோ. தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது. இனிமேலாவது அவரு அவருக்காக இருக்கட்டும்ணே."

"அவருக்கு என்ன வேணும்னு அவரைக் கேட்டியா?"

"கேட்டா எனக்கு எது வேணுமோ அதைத்தான் சொல்லுவாரு." நான் சொல்லாமலே பெடலை ஒருதரம் மிதித்தான். "வீட்டுல அவரு இல்லாம எனக்குத் தூக்கம் வருமான்னு தெரியலண்ணே. அதையும் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க."

அடப்பாவிகளா. ஒருத்தன் கூப்பிட்டால் போவேன் என்கிறான், இன்னொருத்தன் வந்துவிடுவார் என்று கூப்பிடாமல் இருக்கிறான். நடுவில் நான் ஆயிலைக் கண்ணில் வடியவிட்டுக்கொண்டு மல்லாந்து கிடக்கிறேன். ராத்திரி வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளிடம் சொல்லக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. "உங்க வாய்தான் நீளமாச்சே, எதையாவது பண்ணுங்களேன்," என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பாரம் ஏற்றினார்கள். நான் வேறொரு வண்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதற்குள் பெரியவரே முன்னின்று எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு போட்டு முடித்திருந்தார். கடைசல் மெஷின் வார்ப்பு இரும்பு, நாலு ஆள் கனம். சாக்குச் சுற்றி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, ஆடாமல் அசையாமல் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் டிரெய்லரின் மூக்கை, கொக்கியில் மாட்டுகிற அந்த முன்நுனியை, சுண்டுவிரலால் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா மெக்கானிக்கு? ஒத்த விரலு!"

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கைவண்டிக்காரர் புத்தி! கைவண்டியில் கனம் சரியாக அச்சுக்கு மேல் உட்காரவேண்டும். முன்னால் கூடினால் இழுப்பவன் தோள் கழன்றுவிடும். அந்தப் பழக்கத்தில் டிரெய்லருக்கும் அதையே செய்து வைத்திருந்தார். மூக்கில் ஒரு கிலோ கனம் இல்லை.

எனக்குத் தலையில் ரத்தம் ஏறியது. "அய்யய்யோ, என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க! இப்படியே போனா மலை இறக்கத்துல டிரெய்லர் வாலை ஆட்டும். அது ஆட்டுற ஆட்டத்துல காரையும் சேத்துப் பள்ளத்துல தள்ளிடும். மூக்குல கனம் உக்காரணும்ணே. அப்பத்தான் அடங்கி வரும்!"

பெரியவர் மூக்கைக் கீழே வைத்தார். "அவனுக்கு இழுக்க லேசா இருக்கட்டும்னுதான்..." என்றார். "பாத்துப் பாத்து ஏத்தினேன்."

கத்தியிருக்கவேண்டாம் என்று எனக்கே தோன்றிவிட்டது. தம்பி கயிற்றை அவிழ்த்தான். மூன்று பேரும் சேர்ந்து மெஷினை அங்குலம் அங்குலமாக முன்னுக்கு நகர்த்தினோம். இப்போது மூக்கைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கொக்கியில் மாட்டினோம். கார் பின்னால் கொஞ்சம் அமுங்கி, முன்பக்கம் கொஞ்சம் எழும்பியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இது கொஞ்சம் உண்மை, மீதி என் வாய். முன்சக்கரம் இழுக்கிற வண்டி, முன்பக்கம் லேசானால் ஈரமான மேட்டில் சக்கரம் வழுக்கும். அதுவரைக்கும் உண்மை. இந்த அளவு எழும்பியதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு உச்சுக்கொட்டினேன்.

"இது ஆகாது. முன்னாடி கனம் பத்தாது. முன்சீட்டுல ஒரு ஆள் பாரம் கட்டாயம் வேணும். மலையில மழைத்தண்ணி கிடந்தா சக்கரம் சும்மா சுத்தும்."

சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தேன். இதற்கு மேல் ஒருவன் எப்படி எடுத்துக் கொடுக்க முடியும்? ஒரு வார்த்தை, 'வாண்ணே' என்றால் போதும். பெரியவரும் அவனைத்தான் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், கூப்பிட்டதும் கிளம்புகிறவர் மாதிரி.

தம்பியின் வாய் திறந்தது. மூடியது.

"மணல் மூட்டை ஒண்ணு வச்சுக்கலாமே," என்றான்.

எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. சொன்ன அடுத்த நொடியே அவன் முகமும் செத்துப்போய்விட்டது. பெரியவர் துண்டை உதறித் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்ல யோசனை," என்றார். "நான் கட்டிக்கிட்டு வந்துடுறேன்."

தெருக்கோடியில் பழைய இரும்புக் கடை. அதற்குப் பக்கத்தில் யாரோ வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். நான் ஒரு போல்ட் வாங்கப் போகிற சாக்கில் பின்னாலேயே போனேன். பெரியவர் மணல் குவியலுக்குப் போகவில்லை. இரும்புக் கடைத் தராசின்மேல் ஏறி நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கடைக்காரர் முள்ளைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இறங்கினார். பிறகுதான் மணலை அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தார். போட்டுப் போட்டுத் தராசில் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கைப்பிடி அதிகம் என்று எடுத்துவிட்டுச் சாக்கின் வாயைத் தைத்தார்.

நான் போல்ட் வாங்காமலே திரும்பிவிட்டேன். என்னால் அதை நின்று பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினான். மூட்டையைப் பெரியவரே முன்சீட்டில் உட்காரவைத்தார். சாவியைத் திருப்பியதும் வண்டி கீ கீ என்று கத்தியது. சீட்டில் கனம் இருந்து பெல்ட் போடாவிட்டால் அந்த வண்டி கத்தும். பெரியவர் குனிந்து மூட்டைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

"ரெண்டாவது கியரு," என்றார்.

"ம்."

"பிரேக்குலயே காலை வச்சுக்காத."

"ம்."

"சாப்பாடு பின்சீட்டுல இருக்கு."

"சரிண்ணே."

வண்டி நகர்ந்தது. தெரு முனையில் திரும்பும் முன் நின்றது. கூப்பிடத்தான் நிறுத்துகிறான் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். தம்பி இறங்கினான். எங்களை ஒருதரம் பார்த்தான். பிறகு பின்னால் வந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஏறிப் போய்விட்டான்.

"சங்கிலியைப் பாக்குறான். நல்ல பழக்கம்," என்றார் பெரியவர். அவருடைய கண்ணில் நீர் நின்றது. என் கண்ணைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

அன்று காலை முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மத்தியானம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அந்த இரண்டாவது தட்டைத் திரும்ப எடுத்து அடுக்குகிற சத்தமும் கேட்டது. நான் வேலையில்லாமலே ஒரு எஞ்சினை முடுக்கி உறுமவிட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மலை மேகத்துக்குள் முழுசாக மறைந்துவிட்டது. இங்கே முதல் தூறல் விழுந்தது. பாதையை மூடிவிட்டார்கள் என்று டயர் கடையில் பேசிக்கொண்டார்கள். பெரியவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்து அதே டயர்மேல் உட்கார்ந்தார். இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. அவருக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் போட்டுப் பேசுவார்.

"சேந்துட்டேண்ணே."

"சூடு ஏறிச்சா?"

"முள்ளு பாதிக்கு மேல ஏறல."

"டிரெய்லர் ஆடிச்சா?"

"ஆடல. அடங்கி வந்திச்சு."

அவ்வளவுதான், தீப்பெட்டி நிறைந்துவிட்டது, வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நடுவுல ஒரு கடையில நிறுத்தினேண்ணே. ரெண்டு டீன்னு சொல்லிட்டேன். கடைக்காரர் ரெண்டையும் எடுத்துக்கிட்டு வந்து, உள்ள குனிஞ்சு பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம ஒண்ணைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

பெரியவர் போனைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அண்ணே, அந்த மூட்டை எத்தனை கிலோ?"

"எடையெல்லாம் யாரு பாத்தா. சும்மா அள்ளிப் போட்டேன்."

"பொய் சொல்லாதண்ணே. இங்க வந்து முதுகுல தூக்கி இறக்கினேன். தூக்கினதும் தெரிஞ்சுடுச்சு. ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கிட்டு நடந்தேனே, அந்தக் கனம் எனக்குத் தெரியாதா?" அவன் அழுதான். நரைத்த தலையோடு ஒருத்தன் அழுகிற சத்தம் என் பட்டறை முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது. "வாண்ணே. என்கூட வந்து இருண்ணே. எனக்கு முடியல."

பெரியவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாசலில் தூறல் கனத்து மழையாகிவிட்டது. இனி அது விட மூன்று மாதம் ஆகும்.

"கூப்பிடுறியா?"

"கூப்பிடுறேண்ணே."

"பாதையை மூடிட்டாங்களேடா."

"தெரியும்ணே."

"சரி. அழாத. மூட்டைய என்ன பண்ணினே?"

"திரும்ப சீட்டுலயே வச்சுட்டேன்."

"அவுத்துக் கொட்டிடாத. மழை விட்டதும் வண்டிய எடுத்துக்கிட்டு இறங்கு. இறங்கும்போதும் முன்சீட்டுல பாரம் வேணும்."

"ஏறும்போதுண்ணே?"

"ஏறும்போது மூட்டை வேணாம்டா," என்றார் பெரியவர்.

போனை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் மெக்கானிக்கு, இறங்கும்போதும் பாரம் வேணும்ல?"

டிரெய்லர் இல்லாமல் இறங்குகிற வண்டிக்கு முன்சீட்டில் ஒரு எலுமிச்சம்பழம்கூடத் தேவையில்லை.

"கட்டாயம் வேணும்ணே," என்றேன்.